மோட்டார்ச் சைக்கிள் பற்றறியைப் பேணும் முறை

நம் நாட்டில் மோட்டார்ச் சைக்கிள் இன்று பல குடும்பங்களின் வலக்கையாக விளங்குகின்றது. விடியுமுன் மரக்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. ஏழரை மணிக்குமுன் பிள்ளைகளைப் பாடசாலை வாயிலில் இறக்கிவிடுவதும் அதுவே. நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் வைத்தியசாலைக்கு விரைவதும் அதுவே. ஆயினும், வண்டியைத் துடைத்து மினுக்குவதில் நாம் காட்டும் சிரத்தையில் நூறில் ஒரு பங்கையேனும் இருக்கையின் கீழே மறைந்திருக்கும் பற்றறியின்மீது காட்டுவதில்லை. ஒருநாட் காலை விசையை அழுத்தும்போது வண்டி அசைய மறுத்தால், "இக்காலத்துப் பற்றறிகள் நெடுநாள் உழைப்பதில்லை" என்று கடைக்காரரை நொந்துகொண்டு புதியதொன்றை வாங்குகின்றோம். அடுத்த ஆண்டும் அதே கதை, அதே செலவு.

உண்மை யாதெனின், பற்றறிகளுட் பல உழைத்துத் தேய்ந்து ஓய்வதில்லை. பட்டினி கிடந்தே மாள்கின்றன. 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களிலும், 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தின்போதும் எத்தனையோ வண்டிகள் வாரக்கணக்கில் முற்றத்தில் அசையாது நின்றன. அந்நாட்களில் அவற்றின் பற்றறிகள் வேலை ஒன்றுமே செய்யவில்லை. அவ்வாறிருந்தும், பெற்றோல் கிடைத்தபோது வண்டியைத் தள்ளிக்கொண்டு திருத்துமிடம் சென்றவர் பலர். வேலை செய்யாத பொருள் ஏன் கெட்டது? இவ்வினாவுக்கு விடை தெரிந்துகொண்டால், பற்றறியைப் பேணும் முறை முழுவதும் தானே விளங்கிவிடும்.

உள்ளே நிகழ்வது என்ன?

மின்னை உண்டாக்குவது வேறு, அதைச் சேமித்து வைப்பது வேறு. வடபகுதியில் பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், வானொலிக்கு வேண்டிய சிறு மின்கலமும் கிடைக்காதபோது, சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்துத் தைனமோவின் உதவியால் செய்தி கேட்டனர் நம்மவர். மிதிப்பது நின்றால் செய்தியும் நின்றுவிடும். தைனமோ மின்னை உண்டாக்குமேயன்றிச் சேமித்து வைக்காது. கிணற்றிலிருந்து இறைத்த நீரைத் தேக்கி வைக்கும் தொட்டியைப்போல, உண்டான மின்னைத் தேக்கி வைத்து வேண்டியபோது தருவதே பற்றறியின் தொழில். மோட்டார்ச் சைக்கிளில் இயந்திரம் சுழலும்போது அதனோடிணைந்த பிறப்பாக்கி ஆடலோட்டத்தை உண்டாக்குகின்றது. சீராக்கி அதை நேரோட்டமாக மாற்றுகின்றது. ஒழுங்காக்கி அதன் அளவை மட்டுப்படுத்திப் பற்றறிக்கு அனுப்புகின்றது.

இத்தகைய சேமிப்புக்கலத்தை முதன்முதல் அமைத்தவர் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. 1859 ஆம் ஆண்டில் அவர் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி நீர்த்த சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தினார். 1881 இல் கமில் போர் என்பவர் தகடுகளின்மேல் ஈயக் கலவையைப் பூசும் முறையைக் கண்டு, அதன் கொள்ளளவைப் பெருக்கினார். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வண்டிகளிற் பெரும்பாலும் இருப்பது அதே ஈய அமிலக் கலமே.

ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2 வோல்ற்றுத் தரும். ஆறு கலங்கள் தொடராக இணைந்தது 12 வோல்ற்றுப் பற்றறி. பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் மூன்று கலங்களைக் கொண்ட 6 வோல்ற்றுப் பற்றறி இருந்தது. முழுமையாக மின்னேறிய நிலையில் நேர்த்தகடு ஈயவீரொட்சைட்டாகவும், மறைத்தகடு கடற்பஞ்சு போன்ற தூய ஈயமாகவும் இருக்கும். மின்னைப் பெறும்போது இரண்டு தகடுகளிலும் ஈயச்சல்பேற்று என்னும் வெண்பொருள் படிகின்றது. அமிலம் செலவாகி நீர் உண்டாகின்றது. மீண்டும் மின்னேற்றினால் இம்மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்ந்து, தகடுகளும் அமிலமும் பழைய நிலையை அடைகின்றன.

பட்டினியால் வரும் கேடு

மேற்கூறிய வெண்பொருளிலேதான் கேட்டின் வித்து இருக்கின்றது. புதிதாகப் படிந்த ஈயச்சல்பேற்று மிக நுண்ணிய துகள்களாக இருப்பதால், மின்னேற்றும்போது இலகுவிற் கரைந்து மறையும். ஆனால் பற்றறியை அரைகுறை நிலையில் நாட்கணக்காக விட்டுவைத்தால், அத்துகள்கள் ஒன்றுசேர்ந்து கடினமான பெரும் பளிங்குகளாக வளர்கின்றன. கலக்கிய சீமெந்தை உடனே கழுவினால் கழுவலாம்; காயவிட்டாற் கழுவ முடியுமா? அதுபோன்றதே இதுவும். இறுகிய பளிங்குகள் தகட்டை மூடிக்கொள்ள, அப்பகுதி இனி மின்னை ஏற்பதுமில்லை, தருவதுமில்லை.

ஓடாது நிற்கும் வண்டியின் பற்றறியும் முற்றாக ஓய்ந்திருப்பதில்லை. தன்னுள்ளேயே சிறிது சிறிதாக மின்னை இழந்துகொண்டிருக்கும். வெப்பம் ஏறஏற இவ்விழப்பு விரைவுபடும். ஆதலின் குளிர்நாட்டிற் பல மாதம் தாங்கக்கூடிய பற்றறி, நம் கடற்கரை ஊர்களில் அத்தனை காலம் தாங்காது. கள்வரை எச்சரிக்கும் கருவியும் நேரங்காட்டியும் பொருத்திய வண்டிகளில், சாவியை அகற்றிய பின்னரும் சிறு மின்னோட்டம் கசிந்துகொண்டேயிருக்கும்.

நாள்தோறும் ஓடும் வண்டிக்கும் இப்பட்டினி நேரலாம். வீட்டிலிருந்து சந்திக் கடைக்கு ஐந்து நிமிட ஓட்டம். அங்கு நிறுத்தி மறுபடி விசையை அழுத்தல். திரும்ப ஐந்து நிமிடம். இயந்திரத்தை முடுக்கும் ஒவ்வொரு முறையும் பற்றறி பெருந்தொகையைச் செலவிடுகின்றது. குறுகிய ஓட்டத்தில், அதுவும் மெதுவான வேகத்தில், அச்செலவு முழுதும் ஈடாவதில்லை. வரவுக்கு மிஞ்சிய செலவு குடும்பத்தைக் கடனாளியாக்குவதுபோலவே பற்றறியும் வறுமையுறுகின்றது. ஆதலின் வாரத்தில் ஒருமுறையேனும் அரைமணி நேரம் வண்டியை நல்ல வேகத்திற் செலுத்துதல் நன்று. வண்டியை நிறுத்திவைத்து இயந்திரத்தை ஐந்து நிமிடம் உறுமவிடுவதாற் பயன் மிகச் சிறிதே.

முன்னாளில் காலால் உதைத்து முடுக்கும் நெம்பு பெரும்பாலான வண்டிகளில் இருந்தது. பற்றறி செத்துப்போயினும் ஓடக்கூடிய வண்டிகள் பல இருந்தன. இன்றைய புது வண்டிகள் பலவற்றில் அந்நெம்பு இல்லை. எரிபொருளை உட்செலுத்துவதற்கே மின் வேண்டும். ஆகவே பற்றறியைப் பேணுவது முன்னரிலும் இப்போது அவசியமாகிவிட்டது.

நிலையை அறியும் வழி

வோல்ற்றுமானி ஒன்று வீட்டிலிருந்தால் பற்றறியின் நிலையை எளிதில் அறியலாம். வண்டி ஓடி நின்று சில மணி நேரம் கழிந்த பின்னரே அளத்தல் வேண்டும். ஓடி முடிந்தவுடன் காட்டும் அளவு பொய்யானது. 12.6 வோல்ற்று அல்லது அதற்கு மேற் காட்டினால் பற்றறி நிறைந்திருக்கின்றது. 12.4 ஆயின் ஏறத்தாழ முக்காற் பங்கு, 12.2 ஆயின் அரைப்பங்கு. 12 ஆயின் காற்பங்கு. 11.8 க்குக் கீழே இறங்கியது வெறுமையான பற்றறி. அதை ஒருநாளும் தாமதியாது மின்னேற்றல் வேண்டும். எவ்வளவு மின்னேற்றினும் பத்தரை வோல்ற்றைத் தாண்டாது நிற்பதாயின், ஆறு கலங்களுள் ஒன்று பழுதாகிவிட்டதெனக் கொள்ளலாம்.

மூடியைத் திறக்கக்கூடிய பற்றறியாயின் நீரமானியாலும் சோதிக்கலாம். அமிலம் நீரிலும் அடர்ந்தது. அமிலம் செலவாகி நீர் மிகும்போது திரவத்தின் தன்னீர்ப்புக் குறைகின்றது. நீரமானியின் மிதவை தாழ்கின்றது. நிறைந்த பற்றறியில் தன்னீர்ப்பு 1.26 முதல் 1.28 வரை இருக்கும், வெறுமையானதில் 1.12 அளவுக்கு இறங்கும். ஆக்கிமிடீசின் தத்துவத்தை ஏட்டிற் கற்கும் மாணவர்கள் அது வீட்டுத் தேவைக்குப் பயன்படும் விதத்தை இங்கே காணலாம்.

இன்னுமொரு சோதனை உண்டு. இயந்திரத்தை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பற்றறி முனைகளில் அளந்தால், 13.5 முதல் 14.5 வோல்ற்று வரை இருத்தல் வேண்டும். அவ்வாறு உயராது 12 அளவிலேயே நின்றால், குற்றம் பற்றறியினதன்று. அதற்கு ஊட்டும் பிறப்பாக்கியிலோ சீராக்கியிலோ இணைப்பிலோ பழுதுள்ளது. 15 ஐத் தாண்டினால் ஒழுங்காக்கி கெட்டு, மிகையான ஓட்டம் பற்றறியின் நீரை வற்றச் செய்கின்றது. இச்சோதனையைச் செய்யாது புதுப் பற்றறி வாங்குவோர், நோயொன்றிருக்க வேறொன்றுக்கு மருந்துண்போரை ஒப்பர். சில மாதங்களில் அப்புதியதும் பழையதன் கதியையே அடையும்.

மின்னேற்றும் விதி

மின்னேற்றலில் மனங்கொள்ள வேண்டிய பிரதான விதி, மெதுவாகவும் முழுமையாகவும் ஏற்ற வேண்டும் என்பதே. பற்றறியின்மேல் அதன் கொள்ளளவு அம்பியர் மணியிற் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் பத்திலொரு பங்கு ஓட்டமே தக்கது. 5 அம்பியர் மணிப் பற்றறிக்கு அரை அம்பியர். 9 அம்பியர் மணியாயின் ஒரு அம்பியருக்குச் சற்றுக் குறைவு. அரைவாசி வெறுமையான 5 அம்பியர் மணிப் பற்றறிக்கு இரண்டரை அம்பியர் மணி தேவை. அரை அம்பியரில் இது ஐந்து மணி நேரம். இடையில் நேரும் இழப்பையும் சேர்த்தால் ஆறு அல்லது ஏழு மணி நேரம் கொள்ளும். முற்றிலும் வெறுமையானதற்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி வரை செல்லும்.

மின்கம்பி வந்து சேராத கிராமங்களிற் கார்ப் பற்றறியைக் கொண்டு தொலைக்காட்சி பார்த்த காலமொன்றிருந்தது. அப்பற்றறிகளுக்கு மின்னேற்றிக் கொடுத்த கடைகளிற் பெரிய ஓட்டத்தைச் செலுத்தும் கருவிகள் உண்டு. கார்ப் பற்றறிக்குத் தக்க ஓட்டம் மோட்டார்ச் சைக்கிளின் சிறு பற்றறிக்கு ஆகாது. யானைக்குக் கட்டிய கவளத்தை ஆட்டுக்குட்டிக்கு ஊட்டினாற்போல, தகடுகள் சூடேறி வளைந்து, மேற்பூச்சு உதிர்ந்துவிடும். "ஒரு மணி நேரத்திற் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், அவசரமில்லை, நாளைக்கு வந்து எடுக்கின்றேன் என்பதே தக்க மறுமொழி. மின்னேற்றும்போது பற்றறியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை பொறுக்காத சூடேறினால் உடனே நிறுத்திவிடல் வேண்டும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று ஆடலோட்டமாதலால், அதை நேரே பற்றறிக்கு இணைப்பது உயிராபத்தை விளைக்கும். தகுந்த மின்னேற்றி கட்டாயம் வேண்டும். நிறைந்தவுடன் ஓட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் கருவிகள் இப்போது கடைகளிற் கிடைக்கின்றன. நீரூற்றத் தேவையற்ற மூடிய பற்றறியாயின் அதற்கேற்ற கருவியையே வாங்குக. அதன் மூடியைக் கத்தியாற் கிளப்பித் திறத்தல் கூடாது. இலிதியப் பற்றறிக்கு அதற்கெனச் செய்த மின்னேற்றியைத் தவிர வேறொன்றையும் பயன்படுத்தலாகாது.

புதுப் பற்றறிக்கும் இவ்விதி பொருந்தும். அமிலம் ஊற்றியவுடன் அது நிறைந்துவிட்டதென்று எண்ணி வண்டியிற் பூட்டிவிடுகின்றனர் சிலர். அமிலம் ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டு, முதல் மின்னேற்றலை முழுமையாகச் செய்த பின்னரே பூட்ட வேண்டும். பிறந்த குழந்தைக்கு முதற்பால் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் இது.

எந்த நீரை ஊற்றுவது?

மின்னேறும்போது நீரின் ஒரு பகுதி ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து வெளியேறுகின்றது; வெப்பத்தாலும் சிறிது வற்றுகின்றது. அமிலமோ உள்ளேயே தங்கிவிடும். ஆதலின் குறைந்ததை நிரப்ப நீர்தான் வேண்டும். அமிலத்தை ஊற்றுவது பெருந்தவறு. அந்நீரும் காய்ச்சி வடித்த நீராக இருத்தல் அவசியம்.

இங்கே நம் இல்லங்களில் ஒரு மயக்கம் நிலவுகின்றது. கொதிக்க வைத்து ஆறிய நீரையே காய்ச்சி வடித்த நீர் என்று கருதுவோர் உளர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. கிணற்று நீரில் அச்சுண்ணாம்பு கரைந்துள்ளது. நாள்தோறும் தேநீருக்கு நீர் கொதிக்கும் கேத்தலின் உட்புறத்தைப் பாருங்கள். வெண்ணிறமாக ஓடு படிந்திருக்கும். கொதிப்பதாற் கிருமி சாகுமேயன்றிக் கரைந்த உப்புகள் யாவும் அகலமாட்டா. நீரை ஆவியாக்கி, அவ்வாவியைக் குளிரச் செய்து பெறுவதே வடித்த நீர். கிணற்று நீரையோ குழாய் நீரையோ ஊற்றினால், அதிலுள்ள உப்புகள் தகடுகளைச் சிறிது சிறிதாகக் கெடுத்துவிடும். ஒரு போத்தல் வடித்த நீரின் விலை புதுப் பற்றறியின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

பற்றறியின் பக்கத்தில் மேற்கோடு, கீழ்க்கோடு என இரண்டு அடையாளங்கள் உண்டு. திரவம் அவற்றினிடையே நிற்றல் வேண்டும். தகடுகள் வெளியே தெரியுமளவு வற்றியிருந்தால், முதலில் அவை மூழ்குமட்டும் நீரூற்றி, மின்னேற்றிய பின்னர் மேற்கோடு வரை நிரப்புக. முன்னரே நிரம்ப ஊற்றினால் மின்னேறும்போது திரவம் பொங்கி வழிந்து, வண்டியின் இரும்பை அரித்துவிடும். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அப்பச்சோடாவை நீரிற் கரைத்து, துளைமூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, பழைய பற்றூரிகையாற் தேய்த்துக் கழுவித் துடைத்து, இறுக்கமாகப் பூட்டி, மேலே வசிலின் பூசுக.

அபாயங்களை மறவாதீர்

மின்னேறும் பற்றறியிலிருந்து வெளிவரும் ஐதரசன் எரியும் வாயு. வளியில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே ஒரு பொறி அதை வெடிக்கச் செய்யப் போதும். ஆகவே பூட்டிய அறையிலும், அடுப்பு எரியும் சமையலறையிலும் மின்னேற்றலாகாது. காற்றோட்டமுள்ள தாழ்வாரமே ஏற்ற இடம். அருகில் நின்று சுருட்டுப் புகைப்பதும், திரவத்தின் மட்டத்தைப் பார்க்கத் தீக்குச்சி கிழிப்பதும் விபரீதத்தில் முடியும், கைவிளக்கைப் பயன்படுத்துக. மின்னேற்றியின் கம்பிகளைப் பூட்டிய பின்னரே வீட்டு மின்சாரத்தைத் திறக்க வேண்டும். மூடிய பின்னரே கம்பிகளைக் கழற்ற வேண்டும்.

வண்டியிலிருந்து பற்றறியைக் கழற்றும்போது முதலில் மறைமுனையை, பின்னர் நேர்முனையை விடுவிக்க வேண்டும். பூட்டும்போது இதற்கு மாறாக. மறைமுனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், முறை பிசகினால் சாவி சட்டத்திற் பட்டுப் பொறி பறக்கும். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். அவற்றில் அதையே முதலிற் கழற்றல் வேண்டும். காற்றுப்போக்குக் குழாய் மடங்கி அடைபடாமலும், அதன் நுனி சங்கிலியின்மேல் ஒழுகாமலும் இருக்கின்றதா என்பதையும் கவனிக்க.

அமிலம் தோலிற் பட்டால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவுக. கண்ணிற் பட்டாற் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாது தூய நீராற் கழுவிக்கொண்டிருந்து, பின்னர் தாமதியாது வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். சிறுவரை அருகில் விடலாகாது.

பழைய பற்றறியைக் குறித்தும் ஒரு வார்த்தை. அதை உடைத்து ஈயத்தை எடுத்து, கொல்லையில் உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கலாமென்று எவரும் எண்ணவேண்டாம். ஈயத்தின் புகையும் தூசும் கொடிய நஞ்சு. வளரும் குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும். குழந்தைகளுக்குத் தீங்கற்ற ஈய அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அமிலத்தை நிலத்தில் ஊற்றினால் அது அயலிலுள்ள கிணற்றுக்கும் கேடு. பழைய பற்றறியை உடையாத நிலையிற் கடைக்காரரிடமே கொடுத்துவிடுக. ஈயத்துக்கு விலையுண்டாதலால் அதற்கொரு தொகையும் கிடைக்கும்.

இத்தனையையும் எப்போது செய்வது என்று கேட்கலாம். மாதந்தோறும் பூரணை விடுமுறை வருகின்றது. அன்று காலை கால்மணி நேரம் போதும். இருக்கையைக் கழற்றித் திரவத்தின் மட்டத்தைப் பாருங்கள், முனைகளைத் துடையுங்கள், வோல்ற்றை அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். இவ்வேலையை வீட்டிலுள்ள மூத்த மாணவரிடம், மேற்கூறிய எச்சரிக்கைகளைச் சொல்லி, பெரியவர் ஒருவர் உடனிருக்க ஒப்படைக்கலாம். வண்டி நெடுநாள் நிற்குமாயின் மறைமுனையைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை முழுமையாக மின்னேற்றி வையுங்கள். நள்ளிரவில் வைத்தியசாலைக்குப் போக நேரும்போது வண்டி முதல் அழுத்தலிலேயே புறப்படுமா என்பது, அந்தக் கால்மணி நேரத்தைப் பொறுத்தது.